நியூரோ ஓ.பி.க்குக் கொண்டுபோகும் ஒற்றைத்தாள்: எந்தச் சொல்லை எழுதலாம், எதை எழுதக்கூடாது?

எல்லைச்சாவடி

களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்தில இருந்து திருவனந்தபுரத்துக்கு நியூரோ (மூளை, நரம்பு டாக்டர்) பார்க்கப் போறவங்க கையில கொடுக்க ஒரு தாள் போடுறோம். முன்பக்கம் அறிகுறி, பின்பக்கம் மாத்திரை. மெடிக்கல் காலேஜோ ஸ்ரீசித்திராவோ தனியாரோ, எங்க போனாலும் சீட்டு ஆங்கிலத்தில எழுதுவாங்க, கேள்வி மலையாளத்தில வரும், பதில் நம்ம ஊர்த் தமிழ்ல போகும். 1956 நவம்பர் 1 வரைக்கும் விளவங்கோடும் கல்குளமும் திருவிதாங்கூர்-கொச்சியோட இருந்ததுனால பாதிச் சொல் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல கேக்கும். வில்லங்கமே அங்கதான். சத்தம் ஒண்ணு, அர்த்தம் வேற.

கைவசம் உள்ளதை வைக்கிறேன். நாம "வலி"ன்னா அவங்களுக்கு "வேதன". அவங்க "வலிவு"ன்னா மூச்சிரைப்பு. நம்ம "வலிப்பு" அவங்களுக்கு மேசை இழுப்பறை, மேசவலிப்புன்னுதான் சொல்லுவாங்க. நம்ம வலிப்புக்கு அவங்க சொல்லுறது "அபஸ்மாரம்", நாட்டு வழக்கில "சுழலி". அதைக் கேட்டுட்டு நம்ம ஆளு "ஆமா, தலை சுழலுது"ன்னு தலையாட்டிட்டா, தலைசுற்றலுக்கு வந்தவருக்கு ஃபிட்ஸ்னு சீட்டு ஏறிடும்.

மிச்சத்தைச் சேர்த்துக் குடுங்க.

தோவாளைப்பூ

வார்டில தினமும் முட்டுற சொல் நாலு இருக்கு.

முதல்ல மயக்கம். தமிழ்ல இது ஒரு சாக்குப்பை. தலை சுத்துனாலும் மயக்கம், கண்ணு இருட்டுனாலும் மயக்கம், நினைவு தப்பினாலும் மயக்கம், சில ஊர்ல குமட்டலும் மயக்கந்தான். மலையாளத்தில மயக்கம்னா தூக்கக் கலக்கம், மருந்து கொடுத்து அசந்து கிடக்குறது. "மூணு நாளா மயக்கம்"னு நம்ம ஆளு சொன்னா, எதிர்ல நல்லாப் பேசிட்டு இருக்கிறவரை டியூட்டி டாக்டர் ஏற இறங்கப் பார்ப்பாரு. நினைவு தப்பினதுக்கு அங்க "போதம் போயி". தாள்ல மயக்கம்ங்குற சொல்லே வரக்கூடாதுங்கிறது என் கட்சி.

ரெண்டு, இழுப்பு. ஃபிட்ஸும் இழுப்பு, ஆஸ்துமாவும் இழுப்பு, ஸ்ட்ரோக்குல "ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு"ன்னா அதுவும் இழுப்பு. மூணுக்கும் போற வார்டு வேற வேற.

மூணு, பெருப்பு. "கை பெருப்புண்டோ?"ன்னு கேட்டா கையில மதமதப்பு, சுருசுருப்பு உண்டான்னு அர்த்தம். நம்மாளு கை வீங்கியிருக்கான்னு கேக்குறாங்கன்னு நினைச்சு "இல்ல சிஸ்டர்"ம்பாரு. அங்க ஒரு அறிகுறி காணாமப் போச்சு. "தரிப்பு", "மரவிப்பு"ன்னும் கேப்பாங்க. அது ரெண்டும் நம்ம மரத்துப்போறதுக்குப் பக்கம்.

நாலாவது நரம்பு. ரெண்டு மொழியிலும் ரத்தக்குழாயும் நரம்புதான், நெர்வும் நரம்புதான். நரம்பு ஊசின்னா நாம ரத்தக்குழாயில போடுற ஐ.வி.யைச் சொல்லுறோம். "நரம்பு சுருட்டல்"னு சொல்லி, காலு ரத்தக்குழாய் புடைச்ச வெரிகோஸ் கேஸ் நியூரோ வரிசையில நாலு மணி நேரம் நிக்குறது வாராவாரம் நடக்குது. அது சர்ஜரி ஓ.பி. இன்னொண்ணு, "இவரு நரம்பு நோயாளி"ன்னு அப்படியே மலையாளமாக்கி "ஞரம்புரோகி"ன்னு சொல்லிடாதீங்க. கேரளத்தில அது பொம்பளைங்ககிட்ட வம்பு பண்ணுறவனைத் திட்டுற பேரு. வரிசையே திரும்பிப் பார்க்கும்.

செங்கோட்டை பாசஞ்சர்

இத்தனை குழப்பம் எதற்கு? நல்ல தமிழ்க் கலைச்சொற்கள் இருக்கின்றன: பக்கவாதம், முகவாதம், நடுக்குவாதம், கால்-கை வலிப்பு. நோயின் பெயரைத் தாளில் அச்சடித்து அதற்கு எதிரே கட்டம் போட்டுவிட்டால் டிக் செய்து கொடுத்துவிடலாம். பேச்சுவழக்கை எழுத்தில் ஏற்றினால் ஊருக்கு ஒரு தாள் தேவைப்படும். நரம்புத் தளர்ச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பாதிப் பேர் அதைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

மாற்றுச்சீட்டு

பாசஞ்சர் அண்ணாச்சி, கலைச்சொல் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் இந்தத் தாளில் நோயின் பெயருக்கு இடமே இருக்கக்கூடாது.

உங்கள் பட்டியலையே, இன்னும் இரண்டு வாதத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்வோம். பக்கவாதத்தில் கெட்டது மூளையின் ரத்தக்குழாய். முகவாதத்தில் முகத்துக்குப் போகும் ஏழாவது நரம்பு. நடுக்குவாதத்தில் மூளையின் அடியில் டோபமைன் சுரக்கும் செல்கள். இளம்பிள்ளை வாதத்தில் போலியோ கிருமி. முடக்குவாதத்தில் மூட்டு. ஐந்துக்கும் வால் ஒன்று, உடம்புக்குள் இடம் வேறு. இதில் கேரளத்து ஓ.பி.யில் வெறுமனே "வாதம்" என்றால் காதில் விழுவது மூட்டுவலி. ஸ்ட்ரோக்குக்கு அங்கே "பக்ஷாகாதம்" அல்லது "தளர்வாதம்" என்பார்கள். "உடம்பு தளர்ந்துபோச்சு" என்று நம்மவர் அசதியைச் சொன்னால், அங்கே கை கால் விளங்காமல் கிடப்பதாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. நரம்புத் தளர்ச்சி என்ற நோய் இன்றைய நியூரோ புத்தகங்களில் கிடையாது. அது பஸ் ஸ்டாண்டு சுவர் விளம்பரத்தின் நோய். அந்தப் பெயரைச் சொல்லி வருகிறவருக்கு உண்மையில் இருப்பது சர்க்கரையால் வந்த பாத எரிச்சலாக இருக்கலாம், பி12 குறைவாக இருக்கலாம், கைநடுக்கமாகவோ மனச்சோர்வாகவோகூட இருக்கலாம்.

நோயாளியே பெயர் வைத்துவிட்டால் டாக்டரின் கேள்வி பாதியில் நின்றுபோகும். "முகவாதம்" என்று டிக் செய்தவரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: புருவத்தைத் தூக்கினால் நெற்றி சுருங்குகிறதா? கண் முழுக்க மூடுகிறதா? நெற்றியும் அசையாமல், கண்ணும் மூடாமல், அந்தப் பக்கம் முழுவதும் செத்துக்கிடந்தால் பெரும்பாலும் பெல்ஸ் பால்சி, அதாவது அந்த ஏழாவது நரம்பின் கோளாறு. நெற்றி நன்றாகச் சுருங்கி, வாய் மட்டும் கோணியிருந்தால் ஸ்ட்ரோக்கை நினைக்க வேண்டும். நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருவதால் ஒரு பக்கம் அடைபட்டாலும் அது தப்பித்துக்கொள்கிறது. "வாய் கோணிப்போச்சு, நெற்றி சுருங்குது" என்று எழுதிக் கொடுத்தால் பாதி பரிசோதனை முடிந்த மாதிரி. இதை அங்கே "வாய் கோடிப்போயி" என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தாளின் முதல் வரியில் அறிகுறியே வேண்டாம், நேரம் வரட்டும். ஸ்ட்ரோக்கில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள். குழாய் விட்டுக் கட்டியை எடுப்பது 6 மணி நேரத்துக்குள், ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் 24 மணி நேரம் வரை. இந்தக் கடிகாரம் வீட்டார் கவனித்த நேரத்தில் ஓடத் தொடங்குவதில்லை, கடைசியாக நல்லபடியாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்தே ஓடுகிறது. ராத்திரி 10 மணிக்குப் படுத்தவர் காலை 5 மணிக்குக் கை விளங்காமல் எழுந்தால், கணக்கில் 7 மணி நேரம் போய்விட்டது. "காலை 5 மணிக்கு வந்தது" என்று எழுதினால் அது தப்பான தகவல். நடுராத்திரி 2 மணிக்கு எழுந்து பாத்ரூம் போய்வந்ததை யாராவது பார்த்திருந்தால் அது தங்கமான தகவல், தனியே எழுதுங்கள்.

எல்லைச்சாவடி

அப்போ திடீர்னு வாய் கோணி, கை விழுந்தா, தாளைத் தேடிட்டு நிக்காம கிளம்பணும், இல்லையா டாக்டர்? பாலராமபுரம் நெரிசல்ல மாட்டுனா ஒரு மணி நேரம் சும்மா போகும்.

மாற்றுச்சீட்டு

ஆமாம். இந்தத் தாள் ஓ.பி.க்குத்தான், அவசரத்துக்கு இல்லை. அவசரத்தில் 108-ஐக் கூப்பிட்டு, சி.டி. ஸ்கேனும் இந்த ஊசியும் இருக்கிற பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெரிய பெயரைத் தேடி எல்லை தாண்ட வேண்டாம். வழியில் தண்ணீர், காப்பி, மாத்திரை எதுவும் வாயில் கூடாது, விழுங்கும் தசையும் போயிருந்தால் நுரையீரலுக்குள் இறங்கும். ஆஸ்பிரினும் கூடாது. அடைப்பா, ரத்தக்கசிவா என்று சி.டி. எடுக்காமல் தெரியாது. குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரு சொட்டு பாருங்கள். சர்க்கரை தாழ்ந்தாலும் ஒரு பக்கம் விழுந்த மாதிரியே வரும்.

பிசியோ மார்த்தாண்டம்

கை கால் விஷயத்துக்கு வரேன். "மரத்துப்போச்சு"ங்கிற சொல்லை நம்பாதீங்க. தூக்க முடியலைன்னாலும் மரத்துப்போச்சும்பாங்க, தொட்டது தெரியலைன்னாலும் அதேதான். பிரிச்சுக் கேக்க ஒரு செருப்பு போதும். நடக்கும்போது செருப்பு கழண்டு விழுதுன்னு சொன்னா, "விழுந்தது தெரிஞ்சுதா?"ன்னு கேளுங்க. தெரிஞ்சும் விரலால இறுக்கிப் பிடிக்க முடியலைன்னா தசை பலவீனம். பத்தடி போன பிறகு வெறுங்காலைப் பார்த்துத்தான் தெரிஞ்சுதுன்னா உணர்ச்சி போயிருக்கு. இந்த ஒரு கேள்வியை அப்படியே தாள்ல அச்சடிங்க.

பலவீனத்திலயும் எந்த இடம்னு வேலையை வச்சுச் சொல்லணும். குந்தி உக்காந்தா எந்திரிக்க முடியல, பஸ் படி ஏற முடியல, பரண்ல சாமான் எடுக்க முடியல, தலை சீவ முடியல: இடுப்பு, தோள் பக்கத்துப் பெரிய தசை. சோறு பிசைய முடியல, பட்டன் போட முடியல, பூட்டு திறக்க முடியல, ரப்பர் வெட்டுற கத்தி பிடி நழுவுது: கை நுனி. முதல் வகையில தசை நோயை முதல்ல நினைப்பாங்க, ரெண்டாவதுல நரம்பு நோயை. விதிவிலக்கு உண்டு, ஆனா விசாரணை அங்கதான் தொடங்கும்.

மதமதப்புலயும் வகை இருக்கு. எறும்பு ஊறுது, ஊசி குத்துது, எரியுது, பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு. இதுல எது பொருந்துதோ அதை அப்படியே எழுதுங்க, சுத்தத் தமிழாக்க வேண்டாம். முகம் கழுவக் கண்ணை மூடுனா தள்ளாடுறாருன்னா அதையும் எழுதுங்க. காலு எங்க இருக்குன்னு மூளைக்குச் சேதி போகாதவங்க கண்ணை நம்பித்தான் நிக்குறாங்க. கண்ணை மூடுனா சாயுவாங்க.

சீட்டுல வர்ற சொல்லுக்கு ஒரு சூத்திரம். பாரசிஸ்னா பலம் குறைஞ்சிருக்கு, ப்ளீஜியான்னா முழுசாப் போச்சு. முன்னால ஹெமி வந்தா ஒரு பக்கக் கையும் காலும். பாரா வந்தா ரெண்டு காலும். குவாட்ரி வந்தா நாலும். மோனோன்னா ஒரே ஒரு கை இல்லாட்டி கால். பவர் 3/5ன்னு எழுதியிருந்தா அறுபது மார்க்குன்னு அர்த்தமில்ல. 0 அசைவே இல்ல, 1 தசை துடிக்குது, 2 படுக்கையில நகருது ஆனா தூக்க முடியல, 3 தூக்க முடியுது ஆனா லேசா அழுத்துனாலும் விழுது, 4 கொஞ்சம் எதிர்த்து நிக்குது, 5 முழு பலம். 2ல இருந்து 3க்கு வர்றதுதான் பெரிய தாண்டல், புவியீர்ப்பை ஜெயிக்கிறது அங்கதான். வீட்டுக்காரங்க "4 வந்துருச்சு, இனி ஒண்ணுதான் பாக்கி"ன்னு நிம்மதியாயிருவாங்க. 4 ரொம்ப அகலமான வீடு, அதுக்குள்ளயே பல மாசம் ஓடும்.

எல்லைச்சாவடி

செருப்புக் கேள்வி ஏறியாச்சு. பேச்சுக்கு என்ன எழுத? "பேச்சு வரல"ன்னுதான் எல்லாரும் சொல்லுறாங்க.

மாற்றுச்சீட்டு

"பேச்சு வரல" என்பதில் மூன்று தனித்தனிக் கோளாறு இருக்கிறது.

நாக்கு குழறுகிறது, குடித்தவர் மாதிரி இருக்கிறது, ஆனால் சொல்லும் வாக்கியமும் சரி. பேசத் திணறுகிறவர் கையில் பேனா கொடுத்தால் சரியாக எழுதுவார். இது டிஸ்ஆர்த்ரியா. மலையாளத்தில் "நாக்கு குழயுந்நு" என்பார்கள்.

குரல் மட்டும் கம்மிப்போனால் டிஸ்ஃபோனியா. அதைத் தொண்டை டாக்டரும் பார்க்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது அஃபேசியா, இங்கேதான் ஏமாறுகிறோம். கெட்டது நாக்கு இல்லை, மொழி. ஒருவகையில் பெரும்பாலும் புரியும், ஒரு சொல் வெளியே வர மலை ஏற வேண்டும். 1861-ல் ப்ரோக்கா விவரித்தது. இன்னொரு வகையில் பேச்சு ஆறாக ஓடும், பொருள் இருக்காது. கைக்கடிகாரத்தைக் காட்டினால் "சட்டி" என்பார், நாம் சொல்வதும் அவருக்குப் புரியாது. 1874-ல் வெர்னிக்கி விவரித்தது. இந்த இரண்டாவது வகையில் கை கால் பலவீனம் இல்லாமலும் இருக்கலாம். அதனால் "திடீர்னு கிறுக்கு மாதிரி பேசுறாரு" என்று மனநல ஓ.பி.க்கோ மந்திரவாதியிடமோ கூட்டிப்போய் நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

வீட்டில் பார்க்க மூன்று போதும். சாவியைக் காட்டிப் பெயர் கேளுங்கள். "மழை வந்தா குடை வேணும்" என்று சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். கையால் சாடை காட்டாமல் "கண்ணை மூடுங்க" என்று வாயால் மட்டும் சொல்லுங்கள். மூன்றில் எது தவறியது என்று எழுதினால் போதும்.

இரண்டு மொழி பேசுகிறவராக இருந்தால் எந்த மொழி எவ்வளவு போனது என்பதையும் எழுதுங்கள். மலையாளம் போய்த் தமிழ் மிஞ்சியிருக்கலாம், தலைகீழாகவும் நடக்கும்.

இ.இ.ஜி. மேசை

ஃபிட்ஸ் பற்றி. வந்தவரைக் கேட்டுப் பயனில்லை, அவருக்கு நினைவிருக்காது. பார்த்தவர் கூட வரவேண்டும், இல்லாவிட்டால் போன் வீடியோ வேண்டும். இ.இ.ஜி. (மூளையின் மின்துடிப்பைப் பதியும் டெஸ்ட்) நார்மலாக வந்தாலும் ஃபிட்ஸ் இல்லை என்று ஆகாது. அரைமணி நேர இ.இ.ஜி.யில் அந்த அரைமணி நேரம்தான் பதிவாகும். வீடியோ எடுக்கும்போது முகமும் இரண்டு கையும் தெரியட்டும், போர்வையை விலக்குங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடும் குரலும் பதிவாகட்டும்.

தாளுக்கு வேண்டியவை இவை. தொடங்கும் முன் வயிற்றிலிருந்து ஏதோ மேலேறும் உணர்வு, கெட்ட வாடை, "இது முன்னமே நடந்த மாதிரி" என்ற எண்ணம் வந்ததா. தலையும் கண்ணும் எந்தப் பக்கம் திரும்பின. வாய் சப்புக்கொட்டியதா, விரல் சட்டையைப் பிய்த்ததா. கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா: வலிப்பில் பெரும்பாலும் திறந்திருக்கும், இறுக மூடியிருந்தால் வேறு காரணமும் யோசிப்பார்கள். நாக்கின் ஓரம் கடிபட்டதா. முடிந்தபின் எத்தனை நிமிடம் ஆள் தெரியாமல் விழித்தார். வெளுத்து, வியர்த்து, சரிந்து, சில நொடி கை உதறி, எழுந்ததும் தெளிவாகப் பேசினால் அது ரத்தம் மூளைக்கு ஏறாமல் வந்த சின்கோப்பியாக இருக்கலாம். அதற்கு முதலில் இ.சி.ஜி.

வலிப்பு முடிந்தபின் ஒரு கை விழுந்துகிடந்தால் அது டாட்ஸ் பரால்சிஸ் ஆக இருக்கலாம், சில நிமிடத்திலிருந்து ஒரு நாளுக்கு மேலும் நீடித்துச் சரியாகும். ஸ்ட்ரோக் என்று அலறுவதற்கும் இதற்கும் வித்தியாசம் முதலில் கை கால் வெட்டி இழுத்ததா என்பதில் இருக்கிறது. ஆனால் வீட்டிலிருந்தபடி அதை முடிவு செய்ய வேண்டாம்.

டெஸ்டுக்கு வரும்போது தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். தேங்காயெண்ணெய் தேசத்தில் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. முந்தின நாள் ஷாம்பு போட்டு அலசி, காயவைத்து வாருங்கள். எண்ணெய்த் தலையில் பேஸ்ட் பிடிக்காது, இருபத்தொரு எலக்ட்ரோடில் ஒன்று ஆடினாலும் பதிவில் குப்பை ஏறும். தூக்கம் குறைக்கச் சொன்னால் மட்டும் குறையுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

செங்கோட்டை பாசஞ்சர்

நோய்ப் பெயர் வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கையில் சாவிக்கொத்து கொடுப்பதையும் தாளில் கண்டித்துவிடுங்கள்.

இ.இ.ஜி. மேசை

கண்டிக்க இடமில்லை அண்ணாச்சி, ஒரு வரி போதும்: இரும்பு வேண்டாம், வாயில் கரண்டி வேண்டாம், அமுக்கிப் பிடிக்க வேண்டாம், பக்கவாட்டில் படுக்கவை, கடிகாரத்தைப் பார், 5 நிமிடம் தாண்டினால் 108. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானே நிற்கும். சாவிக்கொத்து வலிப்பை நிறுத்தும் என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

தோவாளைப்பூ

தலைசுத்தலுக்கு மூணே கட்டம் போடுங்க, மயக்கம்ங்கிற சொல் இல்லாம. ஒண்ணு, வீடு சுத்துது. ரெண்டு, கண்ணு இருட்டி விழப்போற மாதிரி. மூணு, தலையில ஒண்ணுமில்ல, காலு தள்ளாடுது. கூடவே, படுக்கையில புரண்டா வருதா, எந்திரிச்சு நின்னா வருதா, எத்தனை நேரம். புரளும்போது வந்து ஒரு நிமிஷத்துக்குள்ள அடங்குனா பெரும்பாலும் காது சமாச்சாரம், அதுக்குத் தலையைத் திருப்பி வைக்கிற ஒரு முறையிலயே சரியாகும். தலைவலிக்கு ஒரே ஒரு சிவப்புக் கட்டம்: இடி விழுந்த மாதிரி ஒரு நிமிஷத்துக்குள்ள உச்சிக்குப் போச்சா? ஆமான்னா ஓ.பி. வரிசை கிடையாது, நேரா கேஷுவாலிட்டி.

இன்னொண்ணு, பைஸ்டாண்டர் பத்தி. அங்க கூட இருக்கிறவங்களை அப்படித்தான் கூப்பிடுவாங்க. ஜி.சி.எஸ். (நினைவு எவ்வளவு தெளிவுன்னு போடுற மார்க்) பார்க்கும்போது அவங்க பக்கத்துல நிக்கணும். கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15, அடிமட்டம் 3. சீட்டுல இ4 வி5 எம்6ன்னு இருக்கும். இதுல பேச்சு மார்க் மொழியால அடிவாங்கும். "ஏது மாசமாணு?"ன்னு கேட்டா நம்ம கிழவர் "ஆவணி"ம்பாரு. கேட்டவங்க ஆகஸ்டையோ சிங்ஙத்தையோ எதிர்பார்த்து நிப்பாங்க. ஆவணியும் சிங்ஙமும் ஒண்ணுதான்னு தெரியாத புது ஆளா இருந்தா 5க்குப் பதிலா 4 விழும், குழப்பத்துல இருக்காருன்னு குறிப்பு ஏறும். நாளைக்கு உண்மையிலயே குழம்பினா வித்தியாசம் தெரியாமப் போயிரும். ஆனா பைஸ்டாண்டர் மொழிபெயர்க்கலாம், பதில் எடுத்துக்குடுக்கக் கூடாது. "ஆவணின்னு சொல்லுப்பா"ன்னு காதுல ஓதுனா 5 வரும், ஆளு தேறமாட்டாரு.

எல்லைச்சாவடி

முன்பக்கம் நிறைஞ்சாச்சு. பின்பக்கம் மாத்திரை. "ஃபிட்ஸ் மாத்திரை ரெண்டு நேரம்"னு எழுதிட்டு வர்றவங்கதான் அதிகம். பாதிப் பேரு "லெவோ 500"னு சுருக்கி எழுதுறாங்க. அது போதுமா?

மாற்றுச்சீட்டு

போதாது, அந்தச் சுருக்கம் ஆபத்தும்கூட. லெவெடிராசெட்டம் 500 மி.கி. வலிப்பு மாத்திரை. லெவோஃப்ளாக்சசின் 500 மி.கி. கிருமிக்கு, அது சிலருக்கு வலிப்பைத் தூண்டவும் செய்யும். லெவோடோபா பார்க்கின்சனுக்கு. லெவோசெட்ரிசின் தும்மலுக்கு. சுருக்கினால் நான்கும் "லெவோ"தான். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை முழுதாக, மி.கி.யோடு, 1-0-1 என்ற கணக்கோடு எழுதச் சொல்லுங்கள். கடைசியாகத் தவறவிட்ட வேளை எது என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் காலி அட்டையை வெட்டாமல் அப்படியே கொண்டுவரட்டும்.

தோவாளைப்பூ

வெட்டாமன்னு தடிச்ச எழுத்துல போடுங்க. கடையில ரெண்டு மாத்திரை வெட்டிக் குடுக்குறப்போ பேரு இருக்கிற பாதி கடைக்காரர்கிட்டயே நின்னுரும், நம்ம கைக்கு வர்றது விலை போட்ட பாதி.